பனியில வழுக்குனவனுக்குப் பாம்பன்ல வைத்தியம்

வாப்பு, மெதுவா உக்காரு. அந்தக் கயித்துக் கட்டில் வேணாம், எந்திரிக்கச் சிரமப்படுவ. இந்தத் திண்ணையில உக்காரு. கனடாவுல விழுந்த இடுப்பு பாம்பன் வந்து சேர்ந்த பின்னாடியும் வலிக்குதுன்னா, அது சாமானியமான விழுகை இல்ல. ஒங்க ஆத்தாதான் சொன்னா, "மாமா, இவன் 15,000 ரூவா குடுத்து பனியில நடக்குற செருப்பு வாங்கிருக்கான், அதையும் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துட்டான்"னு. கொண்டாந்தது நல்லதுதான். பாம்பன்ல எப்பப் பனி கொட்டும்னு யாரு கண்டா? வானிலைக்காரக சொன்னதெல்லாம் நடந்துச்சா என்ன, சொல்லாதது ஒண்ணு நடக்கட்டுமே.

காட்டு பாப்போம். அட, இதப் போட்டுக்கிட்டு நம்ம வாசப்படி ஏற முடியாதேப்பு! நீளம் ஒரு முழத்துக்கு மேல இருக்கு, அகலம் ஒரு சாண் இருக்கு. கீழ இரும்புப் பல்லு, மேல நாலு பட்டை, நடுவுல குறுக்க ஒரு கம்பி. நான் மூணாங்கிளாசோட நின்னவன், எனக்கு இதப்பத்தி என்ன தெரியும்? தெரிஞ்சதச் சொல்றேன். தப்பா இருந்தா நீ இஞ்சினியரு, திருத்திக்க.

இம்புட்டு அகலம் எதுக்குன்னு எனக்கு வெளங்கிருச்சு. ஒன் எடைய விரிச்சுப் போடுறதுக்கு. புதுப்பனி மேல சாதாச் செருப்போட நின்னா முட்டி வரைக்கும் பொதையும், இதுல நின்னா கொஞ்சந்தான் அமுங்கும். இது நமக்குப் புதுசில்ல. 2017 ஜூலையில தனுஷ்கோடிக்கு ரோடு தொறந்தாக பாரு, அதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்தோட தாரு முடிஞ்சு போகும். அங்கிட்டு மணலும் தண்ணியுந்தான், வேனும் ஜீப்பும் ஆடிக்கிட்டே போகும். மணல்ல வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் டயர்ல காத்தக் கொறைச்சுக்குவான். டயரு அகண்டு உக்காரும், மணல்ல பொதையாது. தெரியாதவன் வேகத்தக் கூட்டுவான், அச்சு வரைக்கும் எறங்கிருவான். அப்புறம் மெட்ராஸ்ல இருந்து வந்த மாப்பிள்ளை பொண்ணுன்னு பாக்காம எல்லாரும் எறங்கித் தள்ளணும். ரோடு வந்ததுல அந்த வேடிக்கை போச்சு. 9.5 கிலோமீட்டர் தாரு, இப்ப அரிச்சல்முனைக்கு ஹீல்ஸ் போட்டுக்கிட்டே போறாக. போயி, மணல்ல எறங்குன மொத எட்டுலயே அதக் கழட்டிக் கையில தூக்கிக்கிறாக.

ஆனா ஒன் நோவு அது இல்லையேப்பு. நீ பொதையல, வழுக்குன. பொதையாம இருக்கத்தான் அகலம். வழுக்காம இருக்க இந்தப் பல்லு. பல்லு நல்லாத்தான் இருக்கு, என் வாயில இருக்கறத விட எண்ணிக்கை கூட. இந்தப் பல்லு எதுல மாட்டிருக்கு பாரு. செருப்போட சட்டத்துல இல்ல, ஒன் முன்னங்காலக் கட்டுற பட்டைக்கு அடியில. நீ வெரலக் கீழ அழுத்துனா பல்லும் கீழ சாயும், பனியக் கடிக்கும். அப்ப காலுக்கும் பல்லுக்கும் நடுவுல தரகு பாக்குறது இந்தக் கட்டு. ஏலக்கூடத்துல தரகன் தூங்குனா மீனுக்கு என்ன வெல கெடைக்குமோ, தொளதொளன்னு கட்டுன பட்டைக்கு அந்தப் பிடிதான் கெடைக்கும்.

பட்டைய எந்த ஓட்டையில போட்டிருந்த? கடைசியிலயா? இறுக்குனா காலு மரத்துப் போகும்னா? சரிதான். மலைச்சரிவுல நேரா ஏறுனியா, குறுக்க நடந்தியா? குறுக்க. நெனச்சேன். நேரா ஏறுறப்பத் தொளதொளப்பு தெரியாது, ஒன் எடையே வெரலுக்குப் போகும். குறுக்க நடந்தாத்தான் வண்டவாளம் வெளிய வரும். செருப்பு சரிவோட சாஞ்சிரும், ஒன் பாதம் பட்டைக்குள்ள பள்ளத்துப் பக்கமா நகரும், சட்டம் ஒரு பக்கம் திரும்பும், பல்லு பனியக் கடிக்காம காத்தக் கடிக்கும். நீயும் கீழ இருக்குற மரத்த நோக்கிப் புறப்பட்டிருப்ப. இதுக்குக் கம்பெனிக்காரனத் திட்டி ஒரு பக்கம் எழுதிப் போட்டியாமே. எழுது, எழுது. பல்லு விக்கிறவனுக்கு ஒன் பட்டைய இறுக்கிவிடவும் சேத்தா காசு குடுத்த?

சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் பனையேறுறவுகளப் பாத்திருக்கியா? எங்க பாத்திருக்கப் போற, பதநீர் குடிக்கும்போது ஒரு நாளாச்சும் அண்ணாந்து பாத்திருந்தாத்தானே. அவுக காலுக்கு என்ன செருப்பு தெரியுமா? ஒண்ணுமில்ல. ஒரு தளைநாரு. பனமட்டையில உரிச்ச நார முறுக்கி வளையமாக் கட்டி, ரெண்டு காலையும் அதுக்குள்ள விட்டுக்குவாக. கையால மரத்த அணைச்சுப் பிடிச்சு, ரெண்டு பாதத்தையும் ஒண்ணா மேல இழுத்து ஊனுவாக, உடம்ப நிமித்துவாக, மறுபடி இழுப்பாக. எடை கீழ இழுக்க இழுக்கப் பாதம் ரெண்டும் ஒண்ண விட்டு ஒண்ணு வெலகப் பாக்கும். நாரு விடாது. வெலக முடியாத பாதம் என்ன செய்யும்? மரத்துல போயி அழுந்தும். கீழ இழுக்குற எடையவே பிடியா மாத்துற சூட்சுமம் அது. பல்லு கெடையாது, கம்பி கெடையாது, பில்லும் கெடையாது.

அந்த நாரு எம்புட்டு நீளம்ங்கிறதுலதான் உசுரு இருக்கு. நீளம் கூடிப் போச்சுன்னா காலு ரெண்டும் அகண்டு மரத்தோட பக்கவாட்டுல வழுக்கும். கொறஞ்சு போச்சுன்னா பாதத்தால மரத்த வளைச்சுப் பிடிக்க எடமிருக்காது. அதனால மரத்தோட பருமனுக்கும் தன் காலுக்கும் ஏத்த மாதிரி நாரு வச்சிருப்பாக, ஒருத்தர் நாரை இன்னொருத்தர் வாங்கிப் போட்டு ஏற யோசிப்பாக. நீ என்னடான்னா 15,000 ரூவாய்ச் செருப்ப நண்பன்கிட்ட இரவல் குடுத்துட்டு, அவன் காலுக்குத் தளத்துன பட்டைய அப்படியே வாங்கி மாட்டிக்கிட்டுச் சரிவுல போயிருக்க. ஒங்க ஆத்தா எல்லாத்தையும் சொல்லிட்டா.

இப்ப மிசினு வந்திருக்கு. கேரளாவுல செம்பேரி ஜோசப்புன்னு ஒருத்தர் பண்ணுனது ரெம்பப் பேரு வாங்குச்சு, தென்னைக்கு. ரெண்டு இரும்புச் சட்டம், ஒவ்வொண்ணுலயும் ஒரு கால மாட்டிக்கிரணும். கம்பிவடம் மரத்தச் சுத்தி வரும். எடைய எறக்குனா இறுகும், காலத் தூக்குனா தளரும். தளைநாரோட புத்திய இரும்புல வார்த்திருக்காரு. கெட்டிக்காரரு.

அடுத்து இந்தக் குதிகாலு. இதுல குதிகாலு தூக்குது பாரு, முன்னங்காலு மட்டுந்தான் கட்டுக்குள்ள இருக்கு. பின்னாடி ஒரு பட்டை இருக்கு, ஆனா அது சட்டத்துல ஒட்டல. ஒன் செருப்புல நடுக் கம்பியில பாதம் தாராளமாச் சுத்துது. காலத் தூக்குனா செருப்போட வாலு கீழயே தொங்கிக்கிட்டு வரும். இன்னொரு ரகமும் இருக்குமே, கம்பிக்குப் பதிலா வலுவான ரப்பர் வார்ல தொங்குறது? ஆமா, அதத்தான் கேட்டேன். அதுல காலத் தூக்குனா வாலும் கூடவே எந்திரிக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்னா மழ நாள்ல ஹவாய்ச் செருப்பு போட்டுக்கிட்டு வெள்ள வேட்டியோட உச்சிப்புளி சந்தைக்குப் போயிட்டு வா. வேட்டியோட பின்பக்கம் இடுப்பு வரைக்கும் சேத்துப் புள்ளி வச்சிருக்கும். வால எழுப்புற கட்டுக்கு அதான் கூலி: பனிய வாரி முதுகுல போடும். ஆனா அந்த ரகத்துல மரக்கட்டை, பாறை கெடந்தாத் தாண்டிப் போகலாம், ஓடலாம், பின்னாடி நகரலாம். ஒன் ரகத்துல பின்னாடி ஒரு எட்டு வச்சுப் பாரு, வாலு பனியில குத்தி நிக்கும், நீ வானத்தப் பாத்துக் கெடப்ப.

அப்ப எது நல்லதுன்னு கேக்குற. எங்க நடக்கப் போறன்னு நான் கேக்குறேன். சரிவா இருந்து, பனி கெட்டியா இருந்தா ஒன் கம்பிதான் ராசா. வெரல நேராப் பனிக்குள்ள எறக்கிப் படி வெட்டலாம், பல்லு முழுசாக் கடிக்கும். சம தரையில, காட்டுக்குள்ள வளைஞ்சு நெளிஞ்சு போகணும்னா ரப்பர் வாரு தேவலாம். ரெண்டுலயும் ஒண்ணு மாறாது. பாதத்தோட முன்பந்து சரியா அந்தச் சுழலுற எடத்துக்கு மேல உக்காரணும். முன்னாடி தள்ளி மாட்டுனா வெரலு சட்டத்துல இடிக்கும், பின்னாடி தள்ளி மாட்டுனா பல்லுக்குப் பாரம் போகாது. எறக்கத்துல குதிகால் பட்டைதான் தெய்வம். அது தளந்திருந்தா பாதம் முன்னாடி வழுக்கி, வெரலுக்கு நேர செருப்புல விட்டிருக்குற ஓட்டைக்குள்ள வெரலு போயி மாட்டும். அப்புறம் நீ எறங்க மாட்ட, வந்து சேருவ.

நம்ம ஊருலயே ரெண்டு கடலு இருக்கு, ரெண்டுக்கும் ஒரே செருப்பு ஆகாது. வடக்க பாக் விரிகுடா, நாம பெண்கடல்னு சொல்றது, பதுசா இருக்கும், அடியில சேறும் மணலும். தெக்க மன்னார் வளைகுடா, ஆண்கடலு, அடியில பாருன்னு சொல்ற பவளக்கல்லு. பெண்கடல் சேத்துல செருப்போட எறங்குனன்னு வையி, சேறு அடியில உறிஞ்சிப் பிடிச்சுக்கும். நீ காலத் தூக்குவ, காலு வரும், செருப்பு வராது. வந்தாலும் வாரு மட்டும் வெரலிடுக்குல தொங்கிக்கிட்டு வரும். அடியில இருக்குற அந்தக் குமிழு புடுங்கிக்கிரும். வெரலிடுக்குல ஒத்தப் பிடி போட்ட கட்டு அம்புட்டுத்தான் தாங்கும். அங்க வெறுங்காலுதான் சரி. அதுவும் காலத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சுப் போகணும். எதுக்கா? மணல்ல திருக்கை படுத்திருக்கும். மேல மிதிச்சா முள்ள ஏத்திரும், காலால உரசித் தள்ளுனா ஓடிரும். நடையே அங்க வேற.

ஆண்கடல்ல வெறுங்காலோட எறங்கு பாப்போம். பாருக்கல்லு உள்ளங்கால அறுத்துரும். பாசி எடுக்கப் போற பொம்பளைகளப் பாரு, சேலைக்கு மேல ஆம்பள சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, வெரல்ல துணிச் சுத்து, காலுல ரப்பர் செருப்பு. 2015ல சீகாலஜின்னு ஒரு அமெரிக்க அமைப்பு விருது குடுத்துச்சே, நம்ம சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு, அவுகளும் இந்தத் தொழில்தான். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைன்னு எடுப்பாக. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி மாசத்துல 12 நாளுதான் எறங்குறதுன்னு தாங்களே கட்டுப்பாடும் வச்சுக்கிட்டாக. ஒங்க அப்பத்தா அந்த வேலைக்குப் போறப்ப செருப்ப அப்படியே போட மாட்டா. பழைய சேலைக் கரையக் கிழிச்சு, குதிகாலுக்குப் பின்னாடி ஒரு சுத்து, கணுக்காலுக்கு மேல ஒரு சுத்து போட்டு முடிச்சுப் போடுவா. அலை வந்து தூக்குறப்ப செருப்பு காலோட வரணும், காலு ஊனுறப்ப செருப்பு கல்லோட நிக்கணும். நான் கரையில உக்காந்துக்கிட்டு, "ஏன் இம்புட்டுக் கட்டு, கல்யாணத்துக்கா போற?"ன்னு கேப்பேன். "ஒமக்குக் கட்டுனது மாதிரித் தளத்திக் கட்டுனாக் கடல்ல போயிரும்"பா. அவ வாயிக்கு முன்னாடி நான் என்னைக்கு நின்னுருக்கேன்.

இதே கடல்ல சங்கு குளிக்கிறவுக காலுல அலுமினியத் தகடு கட்டிக்கிட்டு முங்குவாக. ஒன் செருப்பு பனியில செய்யிற வேலைய அந்தத் தகடு தண்ணியில செய்யும். அகலமா இருந்தாத் தண்ணியத் தள்ளும், ஆளு சீக்கிரம் கீழ எறங்கலாம். அங்க குதிகாலு ஆடக் கூடாது. தளந்த தகடு காலுக்கு ஒரு பக்கமும் தண்ணிக்கு ஒரு பக்கமும் இழுக்கும், மூச்சு வீணாப் போகும். பாத்தியா, பனியில குதிகாலு விடுதலை, தண்ணியில குதிகாலுக்குச் செறை. இத எந்தப் பெட்டியிலயாச்சும் அச்சடிச்சுப் போட்டிருக்கானா?

காஷ்மீர்ல பட்டாளத்துல இருந்த என் மச்சான் ஒரு சங்கதி சொல்லுவாரு. அங்க முன்னால ஏழபாழைக புல்ஹோருன்னு வைக்கோல்ல பின்னுன செருப்பு போட்டுக்கிட்டுப் பனியில நடப்பாகளாம். வைக்கோலு! நம்ம மாடு திங்கிறது. பின்னல் சொரசொரன்னு பனியப் பிடிக்கும், வைக்கோலு காலுக்குச் சூடும் குடுக்கும். தேஞ்சா மறுபடி பின்னிக்க வேண்டியதுதான். கனடாவுலயும் ஆதியில இருந்த சனங்க, கிரீ, ஒஜிப்வேன்னு பேரு, மர வளையத்துல தோல் வாரப் பின்னி இதச் செஞ்சவுகதானே? அவுக குதிகாலத் தூக்க விட்டு, வெரலுக்கு நேர ஓட்டை விட்டுக் கட்டுனதத்தான் ஒன் கம்பெனிக்காரன் இன்னிக்கு அலுமினியத்துல பண்ணி ஒன்கிட்ட வித்திருக்கான். தோலுக்கு ஒரே கொறை, நனைஞ்சா நீளும். காஞ்ச பனியில கல்லு மாதிரி நிக்கிறது, ஈரப்பனியில தளந்து போகும். சில செருப்புல வர்ற பிளாஸ்டிக் பல்சக்கரக் கொக்கிக்கு வேற கொறை, ஐஸ் ஏறுனா இறுகிக்கிட்டுத் தொறக்காது, குளுருல உடையவும் செய்யும். ஓட்டை போட்ட ரப்பர் பட்டை இருக்கே, அதுதான் குளுருலயும் வளையுது, கையுறையோடயும் மாட்டலாம். ஒன்னோடதும் அந்த ரகந்தான், பொழச்ச.

ராமேஸ்வரம் கோயிலுக்குள்ள போனா எந்தக் கட்டும் செல்லாது, அத மறந்துறாத. 22 தீர்த்தமும் ஆடிட்டு வர்ற சனம் பிராகாரமெல்லாம் தண்ணியா வடிச்சு வச்சிருக்கும். கருங்கல்லு, ஈரம், வெறுங்காலு. வெரல விரிச்சு, எட்டக் கொறைச்சு, பாதம் முழுசையும் வச்சு நட. வாளி வச்சிக்கிட்டு எறைச்சு ஊத்துறவுக நடையப் பாத்துக்க, அவுக பின்னாடியே போ. செல்பி எடுக்குறவன் பின்னாடி போகாத. பரதன் வாங்கிட்டுப் போன பாதுகை இருக்கே, அதுல வெரலிடுக்குல ஒரு குமிழு, அம்புட்டுத்தான் கட்டு. பின்னாடி வாரு கெடையாது. அரமனைத் தரைக்கு அது போதும். காடு மேடு ஏறி ராமேஸ்வரம் வரைக்கும் நடக்க வேண்டிய மனுசன் அத யோசிச்சுத்தான் தம்பி கையில குடுத்து அனுப்பிட்டாருன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஐயருகிட்டச் சொல்லிறாத.

அதெல்லாம் விடு. காலுல எம்புட்டு எடையக் கட்டுறோம்ங்கிறதுதான் பெரிய கணக்குன்னு ராமேஸ்வரத்துப் பையன் ஒருத்தர் காட்டிட்டுப் போயிட்டாரு. கலாமத்தான் சொல்றேன். ராக்கெட்டுதான் ஒங்களுக்கெல்லாம் தெரியும். ஐதராபாத்து நிம்ஸ் ஆசுபத்திரியில இளம்பிள்ளை வாதம் வந்த புள்ளைக ஒவ்வொண்ணும் மூணு கிலோவுக்கு மேல இரும்ப மாட்டிக்கிட்டுக் கால இழுத்து இழுத்து நடந்துச்சுக. அங்க இருந்த எலும்பு டாக்டரு ஒருத்தர் ஏவுகணைக்குன்னு செஞ்ச லேசான பொருளத் தூக்கிப் பாத்துட்டு, கலாமக் கூட்டிப் போயி அந்தப் புள்ளைகளக் காட்டுனாரு. மூணு வாரத்துல 300 கிராம்ல ஒண்ணு செஞ்சு குடுத்தாக. எடை கொறஞ்சது பாதி வித்தை. மீதி, கட்டு எங்க அமுக்குதுங்கிறது. பாதம் தரைய மிதிக்கிறப்ப தரை திருப்பித் தள்ளுது பாரு, அத முழங்காலுக்குக் கீழ முன்பக்கமா வாங்கிக்கிட்டு, முழங்காலு மடங்கி விழுந்துறாம நிறுத்துற மாதிரி அது. அந்தப் புள்ளைக லேசா நடமாடுனதப் பாத்துப் பெத்தவுக கண்ணு கலங்குனாகன்னு கலாமே சொல்லிருக்காரு. பேய்க்கரும்புல அவரு நெனவிடத்துக்குப் போறவுக ராக்கெட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு வந்துர்றாக. நான் போனா அந்த 300 கிராமத்தான் நெனைப்பேன்.

சரி, காலக் கொண்டா. இப்பிடி மாட்டு. முன்பந்து கம்பிக்கு மேல வந்துருச்சா? மொத வெரலுப் பட்டை, அப்புறம் மேல்பட்டை, கடைசியிலதான் குதிகாலு. இன்னும் ஒரு ஓட்டை. கத்தாத, ஒரு வெரலு போற எடம் இருக்கு. மாட்டிட்டு ஒரு அம்பது எட்டு நடந்துட்டு மறுபடி இறுக்கணும், பூட்ஸ் உள்ள உக்காந்து எடம் விட்டிருக்கும். கையால பின்பக்கத்தப் பிடிச்சு முறுக்கிப் பாரு, பாதம் நகராம சட்டமும் கூடவே வரணும். நகந்துச்சுன்னா வீட்டுக்குள்ளயே இரு, ஜன்னல் வழியாப் பனியப் பாரு, அதுவும் அழகுதான்.

திரும்பிப் போனதும் எனக்கு ஒரு காரியம் செய்யணும். அந்த ஓட்டை போட்ட ரப்பர் பட்டை தனியா விப்பான்ல? நாலு ஜோடி வாங்கி அனுப்பு. எனக்கில்ல, நான் எந்தப் பனியில நடக்கப் போறேன். சங்கு குளிக்கப் போற ஒங்க சித்தப்பன் காலுத்தகட்டுக்கு. இப்ப சைக்கிள் டியூபுல கட்டிக்கிட்டு முங்குறான், உப்புத் தண்ணியில மூணு மாசத்துல நஞ்சு போகுது. கறுப்பு வேணாம், பார்ல விழுந்தாத் தேட முடியாது. மஞ்சளாப் பாத்து வாங்கு. வெல என்னன்னு அவன்கிட்டச் சொல்லாத, காலுல கட்டாம பொட்டியில வச்சுப் பூட்டிருவான்.